முட்டை தெரியுத வீடு

ஆகஸ்ட் 4, திங்கள்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் பெனிலா எழுதுகிறாள். மஸ்கட்டில் இருக்கிற மகன் எட்வின் போட்ட உத்தரவு இது. வீட்டை விற்கப்போகிறோம் என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் யார் பார்க்க வந்தார்கள், என்ன கேட்டார்கள், ஏன் போனார்கள் என்று தேதி போட்டு எழுதி, படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். "போன்ல கேட்டா நீங்க மாடு வித்த கதைய ஆரம்பிச்சிருவீய" என்கிறான்.

மாடு விற்ற கதையில் என்ன குறை? நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். சுனைவிளை தவசிமுத்து என்றால் அந்தக் காலத்தில் நாலு சந்தைக்குத் தெரியும். எந்த மாடு எந்த வருஷம் யார் கைக்கு என்ன விலைக்குப் போனது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

இனி வீட்டைப் பற்றி. மூன்று அறை, ஒரு கூடம், பின்னால் கிணறு. கிழக்கே உடைமரக்காட்டுக்கு அப்பால் அணுமின் நிலையம். எங்கள் ஊரில் அதை பிளாண்டு என்போம். அதன் இரண்டு கோபுரங்களும் நிமிர்த்தி வைத்த முட்டை மாதிரி இருக்கும். அதனால் வீட்டுத் தரகர்கள் இங்கே வீட்டை இரண்டே வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முட்டை தெரியாத வீட்டுக்கு ஒரு விலை, முட்டை தெரியுத வீட்டுக்கு ஒரு விலை. எங்கள் வீட்டில் முன்னால் நின்றால் தெரியாது. கிணற்றடிக்குப் போனால் இரண்டும் பளிச்சென்று தெரியும்.

தரகன் லிங்கதுரை வந்தான். அவன் அப்பாவும் என்னோடு மாட்டுத் தரகு பார்த்தவர்தான். பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாட்டையா, இந்தத் துணிக்கொடி சும்மாதான கெடக்கு. ஆளு வாற அன்னைக்கு ஒரு பெரிய போர்வைய விரிச்சு விடுங்க, முட்டை மறஞ்சிரும்" என்றான்.

"மாட்டுக்குக் கண்ணுல பூ விழுந்திருந்தா நெத்தியில துணியக் கட்டி மறைக்கச் சொல்லுவியால?"

"இது மாடு இல்ல பாட்டையா."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

கயிறு கைமாறுவதற்கு முன்னால் குறையைச் சொல்லிவிட வேண்டும். என் தொழிலில் நான் வைத்திருந்த முறை அது. பெனிலா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது மக்களே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் முதல் ஆள் வந்தார். ரிட்டையர்டு வாத்தியார், கூட அவர் வீட்டம்மா. கடல் காற்று வேண்டும் என்று வீடு தேடுகிறவர்கள். பெனிலா முந்திரிக்கொத்து போட்டு வைத்திருந்தாள். கூடத்துத் தரையைத் தடவிப் பார்த்து அந்தம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வாத்தியார்தான் கேட்டார், "பக்கத்துல இது இருக்கே, ஒண்ணும் பயமில்லையே?" என்று. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். "பயம் ஒண்ணும் கெடையாது சார். அப்பப்ப ஒத்திகை வைப்பாவ. வேன்ல மைக் கட்டிக்கிட்டு வந்து, எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க, கதவு சன்னல சாத்துங்க, வெளிய வராதீங்கன்னு சொல்லுவாவ. போன தடவ நான் கக்கூசுல இருந்தேன். வெளிய வரக்கூடாதுன்னுட்டாவளேன்னு அங்கனயே இருந்துட்டேன்."

வாத்தியார் சிரித்தார். வீட்டம்மா சிரிக்கவில்லை. "நெசமாவே ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டது.

"பஸ் அனுப்புவாவளாம்மா, ஏத்திக்கிட்டுப் போவ."

"வந்துருமா?"

"தெனமும் வாற பஸ்ஸே எங்க ஊருக்கு மழ பெஞ்சா வராது. அதையும் சொல்லிரணும்லா."

காப்பி பாதியில் நிற்க, பிறகு வருகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். லிங்கதுரை வாசலில் நின்று, "நீங்க மாடு வித்தீயளா, வெரட்டுனீயளா?" என்றான். மிச்சமிருந்த முந்திரிக்கொத்தை நான்தான் தின்றேன்.  இந்தக் காலத்து ஆட்களுக்கு நெஞ்சில் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரே காற்று. முருங்கை ஒடிந்து விழுந்தது. யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

"இந்த ஊர்ல எடத்துக்கு எப்பவுமே இப்படித்தானா மாமா?" என்று பெனிலா கேட்டாள். சொன்னேன். சொன்னதை எழுதச் சொன்னேன்.

பிளாண்டு வருமுன் இங்கே செம்மண் காடு. ஒரு சென்ட் ஒரு ஆட்டுக்குட்டி விலைகூடப் போகாது. அளக்க வந்து கல் நட்டார்கள். ஒரு சென்ட் ஒரு கிடாரி விலைக்கு ஏறியது. வேலை ஆரம்பித்து வெளியூர் ஆட்கள் வந்து இறங்கியதும் ஊருக்கே பித்துப் பிடித்தது. நான் தொழுவத்திலிருந்த இரண்டு பசுக்களை வெளியே கட்டிவிட்டு, வெள்ளையடித்து, வெல்டர்கள் நாலு பேருக்கு வாடகைக்கு விட்டேன். அப்போது ஒரு சென்ட் விலைக்கு ஒரு ஜோடி உழவு மாடு வாங்கலாம். பிறகு போராட்டம் வந்தது, போலீஸ் வந்தது. அந்த வருஷங்களில் இங்கே இடத்தைச் சும்மா கொடுத்தாலும் ஆள் இல்லை. பெண் கொடுக்கவும் யோசித்தார்கள். இப்போது புதிதாக இன்னும் கட்டுகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. விலைக்கு என்றால் வரமாட்டார்கள். இருக்க வருவார்கள், வாங்க வரமாட்டார்கள். நான் பார்த்த எந்தச் சந்தையிலும் இப்படி ஒரு மாடு இருந்ததில்லை. பால் கறக்க எல்லோருக்கும் வேண்டும், கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை.

"என்னையப் பொண்ணு பேசும்போதும் எங்கம்மா அதத்தான் கேட்டாவ. முட்டை தெரியுமான்னு" என்றாள் பெனிலா.

"எட்வின் என்ன சொன்னான்?"

"வாசல்ல நின்னா தெரியாதுன்னு சொன்னாவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகன் தரகனுக்குப் பிறந்தவன்தான். அவள் சிரிக்கவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்ததிலிருந்தே அவள் சிரிப்பது குறைவு. அப்போதிருந்து துணியைக்கூட முன்பக்கம் ஜன்னல் கம்பியில்தான் காயப்போடுகிறாள். பின்பக்கக் கொடியைத் தொடுவதில்லை. அங்கே காக்கா எச்சம் போடுகிறது, அதனால் இருக்கும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாகர்கோவிலிலிருந்து ஒரு பாத்திரக்கடை முதலாளி வந்தார். வாங்கிப் போட்டு, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவருக்கு எண்ணம். பயமெல்லாம் அவருக்கு இல்லை. அதனால் நான் கிணற்றைக் காட்டினேன். கோடையில் தண்ணீர் கொஞ்சம் உப்புத் தட்டும் என்றேன். உண்மைதான். மூன்று நாள் மட்டும். நாள் கணக்கை அவர் கேட்கவில்லை. பிறகு, நாளைக்குத் திருப்பி விற்க நினைத்தால் நான் படுகிற பாட்டை நீங்களும் படுவீர்கள் என்றேன். அதுவும் உண்மைதான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

லிங்கதுரை என்னோடு பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் அப்பாவும் கோபம் வந்தால் இப்படித்தான், சந்தையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெனிலா பல் வலி என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். வந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மீன் குழம்பு வாடையே ஆகவில்லை என்றாள். பல் வலித்தால் அப்படித்தான். நானே சோறு போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எட்வின் பேசினான். மே மாதம் லீவில் வந்தபோதே வீட்டை விற்கிற பேச்சை எடுத்தவன், இப்போது அவசரப்படுகிறான்.

"இந்த மாசத்துக்குள்ள முடிச்சிரணும்ப்பா. பெனிலாவ நாகர்கோவில்ல வாடகைக்கு வைக்கணும். அங்க வீடு பாத்தாச்சு. வீடு விக்காம அட்வான்ஸ் குடுக்க முடியல, அதான்."

"அவ போட்டும். நான் இங்கயே இருந்துக்கிடுதேன். எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியாதா?"

"உங்கள ஒத்தையில விட்டுட்டு அவ போவ மாட்டா. போவச் சொல்லி நானும் பாத்துட்டேன்."

எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். இந்த வீடுதான் வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் கிணற்றடியில் முகம் கழுவி, வாசல் நாற்காலியில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரோடு ஒரு பேச்சு. நாகர்கோவிலில் மாடியில் வீடாம். அங்கே யார் போகிறார்கள், யார் வருகிறார்கள்? அதற்காகச் சொல்லவில்லை. விலை படியவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று எழுத நிறைய இருக்கிறது.

லிங்கதுரை சமாதானமாகி ஒரு ஜோடியைக் கூட்டிவந்தான். சிவநேசன் என்று பெயர், விழுப்புரம் பக்கம். பிளாண்டிலேயே டெக்னீசியன். மனைவி மஞ்சுளா. நல்ல உயரமான பெண், பெரிய குரல். உள்ளே நுழைந்ததும் அவள் பார்வை அடுக்களைக்குத்தான் போனது. முகம் ஒரு மாதிரியாக இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு என்னிடமே கேட்டுவிட்டாள்.

"தாத்தா, தப்பா நெனைக்காதீங்க. நாங்க முட்டை சாப்பிடுவோம். கறி, மீன் எல்லாம் சாப்பிடுவோம்."

"சாப்பிடுங்கம்மா. நல்லதுதான."

"இல்ல, புரோக்கர் போன்ல சொன்னாரு, முன்பக்கம் முட்டை கிடையாது, பின்பக்கம் மட்டும்தான்னு. விலைக்கு வாங்குற வீட்டுல கூடவா இப்படிச் சட்டம் போடுவாங்கன்னு எங்களுக்கு ஒரே யோசனை. கிணத்தடியில அடுப்பு வெச்சு வேக வெக்கணுமான்னு இவருகூடக் கேட்டாரு."

லிங்கதுரைக்கு முகம் செத்துப்போனது. நான் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "இதாம்மா முட்டை" என்று காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் கிணற்றுச் சுவரிலிருந்த காகங்கள் பறந்துவிட்டன. பெனிலாவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ஒரு வருஷம் இருக்கும்.

பெண்கள் இரண்டு பேரும் அடுக்களைக்குப் போனார்கள். நான் முன்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து சிவநேசனிடம் முறைப்படி குறைகளை ஆரம்பித்தேன். ஒத்திகையைச் சொன்னேன்.

"அந்த வேன்ல சில சமயம் நானே வருவேன் தாத்தா" என்றார்.

பஸ்ஸைச் சொன்னேன். "என்கிட்ட பைக் இருக்கு" என்றார்.

"அவ்வளவு பக்கத்துல இருக்கே, பயமில்லையா?"

"எட்டு வருசமா அதுக்குள்ளதான் வேலை பாக்குறேன். பயந்தா அங்கதான் பயப்படணும்."

இந்த மாதிரி ஆளிடம் எதைச் சொல்ல? கிணற்று உப்புக்கு வந்தேன். அடுக்களை ஜன்னல் என் நாற்காலிக்கு நேர் பின்னால். பெனிலா பேசினால் எறும்பு பேசுகிற மாதிரி இருக்கும், ஒன்றும் கேட்காது. மஞ்சுளா பேசுவது தெருவுக்கே கேட்கும்.

"நாலு மாசமா? பாத்தா தெரியவே இல்லியே" என்றது கேட்டது.

கொஞ்ச நேரம் எறும்பு பேசியது.

"போன தடவ மாதிரி எல்லாம் ஆகாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றது கேட்டது.

மறுபடி எறும்பு.

"டாக்டர்தான் பிளாண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லிட்டாரே. ஆனா நீங்க சொல்றதும் புரியுது. தெனம் கண்ணு முன்னால பாத்துக்கிட்டே இருந்தா மனசு கேக்காதுதான். புது வீட்டுக்குப் போயி தாத்தாகிட்ட சொல்லுங்க, சந்தோசப்படுவாரு."

இது வீட்டு விற்பனைக்குச் சம்பந்தமில்லாத விஷயம். பெனிலா, இதை விட்டுவிடு.

சிவநேசன், "கிணத்துத் தண்ணி உப்புன்னு சொல்லிட்டிருந்தீங்களே தாத்தா" என்றார்.

"மூணு நாளுதான்" என்றேன். "கோடையில மூணு நாளு. மத்த நாளெல்லாம் கல்கண்டு. ஊரெல்லாம் வத்துன வருசங்கூட இது வத்தல. நாலு தெருவும் இங்கதான் வந்து கோருச்சு."

லிங்கதுரை திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நான் நிறுத்தவில்லை. சுவருக்குக் கருப்பட்டிப் பாகு ஊற்றிச் சுண்ணாம்பு அரைத்தது, ஆணி அடித்தால் ஆணி வளையும் என்றேன். தெற்கு ஜன்னலைத் திறந்தால் சித்திரையிலும் ஃபேன் போட வேண்டாம் என்றேன். அக்கம்பக்கம் நல்ல ஆட்கள், ஒரு அவசரம் என்றால் சுவர் ஏறிக் குதித்து வருவார்கள் என்றேன். எல்லாம் உண்மை. மாட்டுக்குக் குறை மட்டும் சொன்னால் போதாது, நல்ல சுழியையும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

"அதெல்லாம் சரிதான் தாத்தா. நீங்க கேக்குற இருபத்தஞ்சு லட்சம் இந்த இடத்துல அதிகம். பேங்குல கேட்டாலும் பிளாண்டு பக்கம்னு குறைச்சுத்தான் மதிப்புப் போடுறாங்க. இருபதுன்னா ஊர் நிலம் வித்த பணம் கையில இருக்கு, லோன்கூட வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில்தான் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று பட்டது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

பெனிலா கதவோரம் வந்து நின்றாள். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கைமேல் போட்டேன். சந்தையில் விலையை வாயால் பேசமாட்டோம். துண்டுக்குள் கையை விட்டு, வாங்குகிறவன் விரலைப் பிடிப்பான். எத்தனை விரல் பிடிக்கிறானோ அத்தனை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பிடித்துவிட்டால் பேச்சு மாறக்கூடாது.

"இருபது சரி. அதுக்கு மேல எத்தனை லட்சங்கத கை சொல்லட்டும். உள்ள விடும்" என்றேன்.

பாவம், சிவநேசனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். இந்த ஊரில் பெரியவர்களுக்கு இப்படித்தான் கை கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். எழுந்து நின்று, துண்டுக்குள் கையை விட்டு, என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து மரியாதையாக ஒரு குலுக்குக் குலுக்கினார்.

ஐந்தும் பிடித்தால் ஐந்து. இருபத்தைந்துக்கே முடிந்துவிட்டது. லிங்கதுரை தரகன் மகன் அல்லவா, துண்டு ஆடிய ஆட்டத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், ஐந்துக்கு எப்படி ஒத்துக்கொண்டேன் என்று சிவநேசன் பதறியிருப்பார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போயிருப்பார். அவரும் போனால் இன்னொரு ஆள் எப்போது வருவது? அந்தக் கை பெரிய கை, வேலை செய்து காய்த்த கை. அதற்குள்ளிருந்து என் சுண்டு விரலையும் மோதிர விரலையும் மெதுவாக உருவிக்கொண்டேன். மிச்சம் மூன்று விரலை அவர் பிடியிலேயே விட்டேன்.

"இருபத்திமூணு. முடிஞ்சுது" என்றேன். "ஆனா இந்த மாசத்துக்குள்ள பத்திரம் முடியணும். ஒரு நாளு தள்ளக்கூடாது."

"எப்ப முடிஞ்சுது?" என்று முழித்தார் சிவநேசன்.

"கைய குடுத்துட்டீங்கல்ல, முடிஞ்சுது" என்றாள் மஞ்சுளா. அவளுக்கு வீடு பிடித்துவிட்டது. சிவநேசன் துண்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

வெளியே வந்ததும் லிங்கதுரை, "அஞ்சும் பிடிச்சாரே பாட்டையா. எங்கப்பா இருந்தா உம்ம அடிச்சிருப்பாவ" என்றான். அடித்திருப்பார்தான்.

இந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்ப வேண்டாம் என்று பெனிலாவிடம் சொல்லியிருக்கிறேன். விட்டுவிடச் சொன்னதை விட்டாளா, எழுதினாளா என்று எனக்குப் பார்க்கத் தெரியாது.

செப்டம்பர் 15, திங்கள்

முன்பக்கத்தில் இரண்டு கம்பு நட்டு நீளமாக ஒரு கொடி கட்டினேன். ஜன்னல் கம்பியில் போட்டால் துணியில் துருக்கறை பிடிக்கிறது. கிணற்றில் இனி நான்தான் தண்ணீர் இறைக்கிறேன். கையை வீசி வேலை செய்தால் தோள் வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பெனிலாவின் அம்மாவுக்குப் போன் போட்டுத் தரச் சொல்லிப் பேசினேன். கொஞ்ச நாள் வந்து இருந்தால் நல்லது, வீட்டைக் காலி செய்கிற வேலை கிடக்கிறது என்றேன். பெனிலாவிடம் நாகர்கோவில் வீட்டுக்கு மாடிப்படி எத்தனை என்று கேட்டேன். அதிகம் இல்லை, நீங்கள் ஏறிவிடலாம் என்றாள். நான் எனக்காகக் கேட்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பதினாலாம் தேதிப் பக்கம் போய்ச் சேராததால் எட்வினே கூப்பிட்டான். லிங்கதுரை ஏற்கெனவே அவனிடம் ஊதியிருக்கிறான். பெனிலா போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, அந்த ஆளு அஞ்சும் பிடிச்சாராமே. நீங்களா ரெண்ட விட்டுட்டீயளாமே. நாப்பது வருசம் தரகு பாத்தீய. யாருக்காவது ஒரு ரூவா விட்டுருக்கீயளா?"

"இல்ல."

"பின்ன இதுக்கு மட்டும் ஏன்?"

"பக்கத்துல பிளாண்டு இருக்குல்லா மக்கா. அவ்வளவுதான் போவும்."

 "அதுவும் சரிதான்" என்றான். உடனே ஒத்துக்கொண்டான். எந்த விலை குறைந்தாலும் இந்த ஊரில் எல்லோரும் உடனே ஒத்துக்கொள்கிற காரணம் அது. பத்திரத்துக்கு என்ன என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பெனிலா நோட்டில் பதினாலாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பிளாண்டுக்காவத்தானா மாமா?"

"பின்ன வேற எதுக்கு?" என்றேன்.